எட்டு வாரத் தூக்க வகுப்பு: தொடை வலித்தது, தூக்கமும் வந்தது, அந்த மணிதான் பிரச்சினை

நான் பிழை திருத்துபவன். பகல் முழுக்க ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பவனுக்கு இரவு இரண்டு மணிக்கும் அதே வேலைதான். பதினேழாம் பக்கத்தில் 'முயற்ச்சி' என்று இருந்ததைத் திருத்தினேனா, விட்டுவிட்டேனா என்ற சந்தேகம் படுத்த பிறகுதான் வரும். எழுந்து போய்ப் பார்ப்பேன். திருத்தித்தான் இருப்பேன். அதற்குள் தூக்கம் போயிருக்கும்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் தற்காப்புக் கலையும் தியானமும் சேர்ந்த தூக்கப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், மாலை ஆறரை முதல் ஏழே முக்கால் வரை. முடித்து ஒரு மாதம் ஆகிறது. நடத்துபவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை, குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு முன்பே ஒரு முட்டாள்தனம் செய்திருக்கிறேன். உடம்பை அடித்துப்போட்டால் தானாகத் தூங்கும் என்று கிக்பாக்ஸிங் வகுப்பில் சேர்ந்தேன். இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை பையைக் குத்திவிட்டு வந்து படுத்தால் நள்ளிரவு வரை நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பையின் மேல் தப்பில்லை, நேரத்தின் மேல்தான் தப்பு. தூக்கம் வருவதற்கு முன் உடம்பின் உள்சூடு மெல்லக் குறைய வேண்டும், இதயம் நிதானப்பட வேண்டும். படுக்கப்போகும் நேரத்தில் நான் இரண்டையும் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.

புதிய வகுப்பின் மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முதல் நாள் குத்தும் இல்லை, உதையும் இல்லை. "நில்லுங்க சார்" என்றார். நின்றேன். "இல்ல, இப்படி" என்று முழங்காலைக் கொஞ்சம் மடக்கச் சொல்லி, பெரிய பானையை அணைத்துப் பிடித்ததுபோல் கைகளை நெஞ்சுக்கு நேரே வளைக்கச் சொன்னார். கம்பம்போல் நிற்பது என்பார்கள் இதை. சீனத் தற்காப்புக் கலைகளில் பழைய அடிப்படைப் பயிற்சி. ஐந்து நிமிடம்தான். இரண்டாவது நிமிடத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. மூன்றாவதில் மாஸ்டர் பின்னால் வந்து என் வலது தோளை ஒரே ஒரு விரலால் தொட்டு, "சார், தோள் காதுகிட்ட வந்துடுச்சு" என்றார். இறக்கினேன். அரை நிமிடத்தில் மறுபடியும் விரல். நான் ஏற்றவே இல்லை, அதுவாக ஏறியிருந்தது. அன்று இரவு படுத்தபோது சும்மா தோளைக் கவனித்தேன். தலையணைமேலும் காதுகிட்டத்தான் இருந்தது. எத்தனை வருடமாக அப்படிப் படுத்திருக்கிறேனோ!

அப்புறம் தாய் சி, மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலை. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதன் யாங் பாணியிலிருந்து சுருக்கி அமைத்த 24 அசைவு வரிசையைத்தான் சொல்லித்தருகிறார்கள். நிதானமாகச் செய்தால் மொத்தமே ஐந்தாறு நிமிடம். குதிரையின் பிடரியைப் பிரிப்பது, வெள்ளைக் கொக்கு சிறகு விரிப்பது என்று பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். பத்தாவதாக வரும் 'மேகக் கைகள்' எனக்குப் பிடித்துப்போனது. எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு முழுதாக மாற்ற வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், கைகள் முகத்துக்கு முன்னால் ஒன்று மாற்றி ஒன்று மிதந்து போக வேண்டும். நடுவில் பதினேழாம் பக்கத்தை நினைத்தால் கால் தப்பிவிடும். எந்தக் கால் காலி, எந்தக் கால் நிறைந்தது என்பதே தெரியாமல் தடுமாறி நிற்பேன். பக்கத்தில் இருப்பவர் மேல் இடித்தும் இருக்கிறேன்.

எனக்கு வேலை செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். 2021-இல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்று உண்டு. தூக்கமின்மை உள்ள 320 பேர், எல்லாரும் 60 வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். ஒரு குழுவுக்கு தாய் சி, ஒன்றுக்கு வேக நடையும் தசைப் பயிற்சியும், மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. 12 வாரம் கழித்து முதல் இரண்டு குழுக்களுக்கும் தூக்கம் தேறியிருந்தது. இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதாவது விறுவிறுவென்று நடந்தாலே போதும் என்றும் சொல்லலாம். ஆனால் நான் நடக்கும்போது திருத்திக்கொண்டே நடப்பவன். மேகக் கைகளில் அந்த வசதி இல்லை.

தியானப் பகுதி கடைசி இருபது நிமிடம். மல்லாக்கப் படுத்து, இடது கால் விரலில் தொடங்கி உச்சந்தலை வரை கவனத்தை ஒவ்வோர் உறுப்பாக நகர்த்துவது. நான் முன்பு தனியாகத் தியானம் முயன்று தோற்றவன். சும்மா படுத்து மூச்சைக் கவனித்தால், தூக்கம் வந்ததா வந்ததா என்று காவல் காப்பதுபோல் ஆகிவிடும். இங்கே தொடை வலியோடு படுத்ததால் கவனிக்க நிஜமாகவே ஏதோ இருந்தது. அசைவுக்கு அப்புறம் தியானம் என்ற இந்த வரிசைக்கே நான் முக்கால் மதிப்பெண் தருவேன். ஒரு நாள் மட்டும் மாற்றிச் செய்தார்கள், எனக்குச் சரிப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, இருபது நிமிடம் போலப் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய் மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத ஏதாவது செய்வது என்று இரண்டு விதிகள் கொடுத்தார்கள். இவை தற்காப்புக் கலையும் இல்லை, தியானமும் இல்லை. தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையிலிருந்து எடுத்தவை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது அந்தச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. எனக்குக் கிடைத்த பலனில் இந்த விதிகளின் பங்கு எவ்வளவு, மேகக் கைகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்கிருந்து எடுத்தோம் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, பலன் என்ன? முதல் வாரமும் கடைசி வாரமும் பிட்ஸ்பர்க் தூக்கத் தர அட்டவணையை நிரப்பச் சொன்னார்கள். 1989-இல் வந்த கேள்வித்தாள், மதிப்பெண் 0 முதல் 21 வரை, 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று கணக்கு. 14-இல் தொடங்கினேன், 8-இல் முடித்தேன். இன்னும் தேறவில்லை, பாருங்கள். 'மூன்றே வாரத்தில் ஆழ்ந்த உறக்கம்' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். மூன்றாவது வாரத்தில் எனக்குக் கிடைத்தது தொடை வலிதான். நான்காவது வாரக் கடைசியில்தான் ஒரு நாள் விளக்கை அணைத்தது நினைவிருந்தது, அதற்குப் பிறகு நடந்தது நினைவில்லை. இப்போதும் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. எழுந்துபோய்ப் பக்கத்தைப் பார்ப்பதில்லை, தோளை இறக்கிவிட்டுக் கிடக்கிறேன்.

மாஸ்டர் செய்த ஒரு காரியம் பிடித்தது. பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருவதாகச் சொன்ன ஒருவரை, முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கட்டணம் போய்விடுமே என்று பார்க்கவில்லை.

கடைசியாக அந்த மணி. அந்தத் தியானத்தை வீட்டில் படுத்துக் கேட்க ஒலிப்பதிவாகத் தருகிறார்கள். குரல் நன்றாகவே இருக்கிறது, நெற்றிக்கு வருவதற்குள் நான் தூங்கிவிடுகிறேன். பத்தொன்பதாவது நிமிடத்தில் பயிற்சி முடிந்தது என்று தெரிவிக்க 'டங்ங்' என்று ஒரு வெண்கல மணி. தூக்கத்துக்காகவே செய்த பதிவில் தூங்கியவனை எழுப்பும் மணி! முதல் தடவை எழுந்து உட்கார்ந்தே விட்டேன்.

அடுத்த எட்டு வாரத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். மணியை நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது, அதில் 'பரிசிலிக்கிறோம்' என்று இருந்தது.