ஏரி மிதவை மேடைப் பராமரிப்பு: சோதனையில் குறையில்லை, மாட்டிய பொருளில்தான் கோளாறு

ஏரியில் கட்டியிருக்கும் எங்கள் மிதவை மேடையைச் சோதித்துப் பழுதுபார்க்க, நீருக்கடியில் இறங்கிப் பார்க்கும் ஆளையும் சேர்த்தே அனுப்பும் ஒரு நிறுவனத்தை இந்த ஆண்டு அமர்த்தினோம். ஆறு இரும்புத் தொட்டிகள், மேலே பலகைத் தளம், நான்கு மூலைகளிலும் நங்கூரச் சங்கிலி, அவ்வளவுதான் மேடை.

வந்த இருவரும் முதல் அரைமணி நேரம் தண்ணீரில் இறங்கவே இல்லை. தளத்திலிருந்த பெஞ்சையும் மேசையையும் கரையேற்றச் சொல்லிவிட்டு, தள விளிம்பு நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஒவ்வொரு மூலையிலும் படகிலிருந்தபடியே அளந்தார்கள். ஒரு மூலை 3 செ.மீ. தாழ்ந்திருந்தது. பெஞ்சின் பாரம்தான் காரணம் என்று இத்தனை நாள் நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த சாய்வு அது. நீர்மட்டத்தில் தொட்டிகள் எல்லாம் சேர்ந்து அடைக்கும் பரப்பு 12 சதுர மீட்டர் என்பதால், மேடை முழுவதும் 1 செ.மீ. அமிழ்வதற்கே 120 கிலோ ஏற வேண்டும் என்று அவர்கள் கணக்குச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. சுத்தியலால் தட்டினால் மற்றத் தொட்டிகள் கணீரென்று ஒலிக்க, அந்த மூலைத் தொட்டி மட்டும் அடிப்பகுதியில் மொத்தென்றது. மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் நின்றது. மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துப் போயிருந்தது.

தகட்டின் தடிமனை மீயொலிக் கருவியால் அளந்ததிலும் அவர்கள் அவசரப்படவில்லை. காற்றும் நீரும் மாறி மாறிப் படும் நீர்மட்டக் கோட்டில்தான் துரு வேகமாக அரிக்கும் என்பதால், அந்தக் கோட்டை ஒட்டியே அதிக இடங்களில் அளந்தார்கள். சங்கிலியிலும் அப்படித்தான்: ஏரியின் தரையில் உரசும் இடத்துக் கண்ணிகளைச் சேறு வழித்துக் காலிப்பரில் பிடித்தபோது, 16 மி.மீ. கண்ணி 13 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்தது. அந்தச் சங்கிலியை அன்றே மாற்றினார்கள்.

கோளாறு அதன் பிறகுதான். இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தொட்டியைக் காக்கும் அனோடு கட்டிகளாக, கையிருப்பில் இருந்த துத்தநாகத்தை மாட்டிவிட்டார்கள். மின்கடத்தும் திறன் குறைந்த நன்னீரில் துத்தநாகத்தின் மீது வெள்ளைப் படலம் படிந்து அது செயலிழந்துவிடும் என்பதால், மெக்னீசியமே ஏற்றது. நான் சுட்டிக்காட்டியதும் மறுக்காமல் மாற்றினார்கள் என்றாலும், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அறிக்கையிலுள்ள படங்களில் எது எந்தத் தொட்டி என்ற குறிப்பும் இல்லை. அடுத்த ஆண்டு தடிமனை ஒப்பிட அந்தக் குறிப்பு அவசியம் என்பதால் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த முறையும் இவர்களையே அழைப்பேன், அனோடை மட்டும் முன்கூட்டியே நான் வாங்கி வைத்துவிடுவேன்.