வாழ்த்து அட்டைக்குக் கால் மெஷினா, மோட்டார் மெஷினா?

அப்பாவின் மணிவிழாவுக்குக் கடையில் வாங்கிய வாழ்த்து அட்டையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பழைய வேட்டியின் கரை, அம்மாவின் சுங்குடிப் புடவையில் கிழியாமல் மிஞ்சிய ஒரு கையகலத் துண்டு, அவர்கள் கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் மூலை ஆகியவற்றை அடுக்கி, மேலே மெஷின் தையலாலேயே இரண்டு முகங்களைக் கோட்டோவியமாக வரைந்து ஓர் அட்டை செய்தேன். அப்பா அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். அன்று தொடங்கி மூன்று ஆண்டுகளில் பெயர் சூட்டும் விழா, கிரகப்பிரவேசம், பணி ஓய்வு என்று எழுபதுக்கு மேல் செய்திருக்கிறேன். முதல் பாதி மோட்டார் வைத்த, ஊசி இடமும் வலமும் ஆடித் தைக்கும் ஜிக்ஜாக் மெஷினில். மறுபாதி காலால் மிதித்து ஓட்டும் பழைய கறுப்புக் கால் மெஷினில். இரண்டிலும் கை பழகிய பிறகு நான் கால் மெஷின் பக்கம் வந்துவிட்டேன். அதன் காரணத்தைச் சொல்கிறேன்.

அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றுதான். துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட வேண்டும், அல்லது எம்பிராய்டரித் தகட்டால் மூட வேண்டும். துணியை மேலிருந்து அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிட்டு, வளையத்தில் விறைப்பாக இழுத்துப் பூட்டிய துணியை இரு கைகளாலும் நாமே நகர்த்த வேண்டும். பாதம் இல்லை என்றாலும் அதன் நெம்புகோலை இறக்க மறக்கக் கூடாது. இறக்கினால்தான் மேல்நூல் இறுகும். மறந்தால் நாலே தையலில் அடியில் நூல் கூடு கட்டிவிடும். நம் ஊர்த் தையல் பள்ளிகளில் தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுக்கும் மெஷின் எம்பிராய்டரி இதுதான். தலையணை உறையில் ரோஜாப் பூ போட்டுப் பழகிய கை, அட்டையில் ஒரு மனிதரின் மூக்குக் கண்ணாடியையும் போட்டுவிடும்.

மோட்டார் மெஷினின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. எடை குறைவு, இடம் அடைக்காது, ஊசிக்கு அருகில் விளக்கு எரியும். ஜிக்ஜாக் இருப்பதால் தடித்த எழுத்துகளை அடர்த்தியாக நிரப்புவது எளிது. கால் மெஷினில் அதே நிரப்பலை வளையத்தை இடமும் வலமும் ஆட்டித்தான் செய்ய வேண்டும்; கோடு ஒழுங்காக விழ எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கையால் சக்கரம் சுற்றும் மெஷினை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. ஒரு கை சக்கரத்துக்குப் போய்விட்டால் வளையத்தை யார் பிடிப்பது?

என் முடிவைத் தீர்மானித்தது ஊசி இடிக்கும் கணம். அட்டை வேலையில் அது அடிக்கடி வரும். பட்டுக்கரை, அதன் கீழே ஒட்டுக் கேன்வாஸ், அதன் கீழே காகிதம் என்று அங்குலத்துக்கு அங்குலம் கனம் மாறும். கனம் கூடும் இடத்தில் ஊசி துணிக்குள் இருக்கும்போதே கை வளையத்தை இழுத்துவிட்டால் ஊசி வளையும். வளைந்த ஊசி தகட்டில் இடிக்கும். கால் மெஷினில் அந்த இடறல் மிதியில் உடனே தெரிகிறது, என் கால் தானாக நின்றுவிடுகிறது. பெரும்பாலும் ஊசி மட்டும்தான் போகும். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. நான் மிதியிலிருந்து காலை எடுப்பதற்குள் அது இன்னும் நாலைந்து முறை அதே இடத்தில் குத்திவிடும்.

என் மோட்டார் மெஷின் அப்படித்தான் கெட்டது. மூன்றாவது இடிக்குப் பிறகு தையல் விட்டுவிட்டு விழுந்தது. மேல்நூல் விரற்கடைக்கு ஒருமுறை அறுந்தது. ஊசியும், அடிநூலைக் கோக்கும் ஷட்டிலும் சந்திக்க வேண்டிய நேரம் பிசகிவிட்டது என்று பழுது பார்க்கும் கடையில் சொன்னார்கள். பதினெட்டு நாள் காத்திருந்தேன். அதற்குள் அக்கா பேரனின் பெயர் சூட்டும் விழா முடிந்துவிட்டது. குழந்தையின் பெயர் பாதி தைத்த அட்டை இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது. அடுத்த ஆண்டும் அதே பழுது, அதே காத்திருப்பு. தேதி குறித்துச் செய்யும் பொருளுக்கு இது பெரிய குறை. வாழ்த்து அட்டை ஒருநாள் தாமதமானாலும் அதன் பொருள் போய்விடுகிறது.

கால் மெஷினிலும் தொல்லை இல்லாமல் இல்லை. தகட்டின் துளை ஓரத்தில் இடி பட்டுப் பிசிறு எழும்பினால் ரேயான் நூல் அதில் உரசி அறும். மிக நைசான உப்புத்தாளை முறுக்கித் துளைக்குள் விட்டுத் தேய்த்தால் சரியாகிறது. காகிதத்தைத் தைக்கும்போது விழும் தூளும் பஞ்சும் ஷட்டிலைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். நான் மூன்று அட்டைக்கு ஒருமுறை ஷட்டிலைக் கழற்றி, பழைய பல்தூரிகையால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். பிறகு கழிவுத் துணியில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுத்தான் பட்டுத் துணியைத் தொடுவேன். எண்ணெய்க்கறை விழுந்த கரைத்துணிக்கு மாற்று கிடையாது. சக்கரத்தைச் சுற்றவைக்கும் தோல் பட்டை தளர்ந்தால் சிறிது வெட்டிக் கொக்கியை மறுபடி மாட்டலாம். இவை எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிகின்றன. மோட்டார் மெஷினிலும் ஷட்டிலைத் துடைக்கலாம், ஆனால் மூடிய உடம்புக்குள் இருப்பதைத் தொட நான் துணியவில்லை.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினைப் பற்றியும் கேட்கிறார்கள். தோழி வீட்டில் நாலைந்து நாள் மட்டுமே பயன்படுத்தினேன். ஆகவே அதன் பராமரிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஒரே அட்டை ஐம்பது வேண்டும் என்றால் அதற்கு நிகர் இல்லை. ஆனால் தோழியின் மெஷினில் தமிழ் எழுத்து இல்லை. ஒவ்வொரு பெயரையும் கணினியில் தையல் கோப்பாக மாற்ற வேண்டியிருந்தது. கையால் ஓட்டும்போது ‘ழ’வின் வளைவு ஒரே இழுப்பில் வந்துவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு மட்டும் நின்று, தாவி, இரண்டு தையல் குத்தி நூலை வெட்ட வேண்டும். அம்மாவின் பழைய கடிதத்திலிருந்து ‘நலம்’ என்ற சொல்லை மெல்லிய தாளில் படியெடுத்து, அந்தத் தாளின் மேலேயே தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுத்தேன். மிதியை ஒவ்வொரு தையலாக நகர்த்த முடிந்ததால் அம்மாவின் நடுங்கிய கோடு அப்படியே வந்தது. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் கால் மெஷினுக்கு நன்றி சொல்வேன்.

எந்த மெஷினானாலும் சில விஷயங்கள் பொருந்தும். அட்டையை நேராக ஊசியில் கொடுக்காதீர்கள். நெருக்கமாகக் குத்தினால் தபால்தலை ஓரம் போலத் துளை வரிசையில் கிழிந்துவிடும். துணியில் தைத்து முடித்து, பிறகு 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டையில் ஒட்டுவதே நல்லது. பஸ் டிக்கெட்டைச் சேர்க்க விரும்பினால் மேலே ஆர்கன்சா என்னும் ஊடு தெரியும் மெல்லிய துணியைப் போர்த்தி, டிக்கெட்டைக் குத்தாமல் ஓரத்தைச் சுற்றித் தைக்கலாம். இப்போது கண்டக்டரின் கைமெஷினில் அச்சாகி வரும் டிக்கெட்டுகளின் மேல் மட்டும் இஸ்திரியை வைக்காதீர்கள், சூடு பட்டதும் தாள் கறுத்துவிடும். காகிதம் தைத்த ஊசி சீக்கிரம் மழுங்கும். அதைத் தனியாக வைத்துக்கொண்டு, பட்டுக்குப் புதிய 11ஆம் எண் ஊசி போடுங்கள்.

மோட்டார் மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை விற்க வேண்டாம். துணியைத் தாராளமாக நகர்த்த விடும் டார்னிங் பாதம் வாங்கி மாட்டுங்கள், கனமான அடுக்குக்கு 14ஆம் எண் ஊசி போடுங்கள், வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் கடைசி வரை குறைத்து வையுங்கள். கனம் மாறும் விளிம்பு வந்ததும் மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள். புதிதாக வாங்குபவர்கள் பழைய மெஷின் விற்கும் கடைக்குப் போகும்போது சொந்த வளையத்தையும் ஒரு பட்டுத் துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். பல்லை மூடச் சொல்லி, உங்கள் பெயரை அங்கேயே தைத்துப் பாருங்கள். நூல் அறாமல் கடைசி எழுத்து வரை வந்தால் விலை பேசலாம்.