கொடைக்கானல் சரிவில் ஏரியைப் பார்த்து ஒரு வீடு: பல மழைக்காலங்களுக்குப் பிறகு

கொடைக்கானல் ஏரிக்குத் தெற்கே, மரங்கள் அடர்ந்த ஒரு செங்குத்தான சரிவில் 2014-இல் வீடு கட்டினோம். 2015 கோடையில் குடிவந்தோம். நவீன பாணி வீடு: ஒற்றைச் சாய்வுக் கூரை, ஏரிப் பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, தூண்கள்மேல் நீளும் மரத்தளம். மலையில் மனை வாங்கிவிட்டு யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் வீட்டின் பின்பக்கத்தைப் பற்றி. மேட்டுப் பக்கம் இருக்கும் கல்சுவர், அதற்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள நாலடி சந்து, சந்தில் ஓடும் வாய்க்கால். இத்தனை வருடமும் நாங்கள் நிம்மதியாகத் தூங்கியது இந்த மூன்றால்தான்.

எங்கள் மனையில் பத்தடி முன்னே நடந்தால் ஏறக்குறைய ஐந்தடி இறங்கிவிடும். வழக்கமான வீடு போல நாற்பதடி ஆழத்துக்குக் கட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் இருபதடி வித்தியாசம் வரும். அதைச் சமன்செய்ய மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுவார்கள். கொட்டிய மண் அடியில் உள்ள மண்ணோடு சேராது, தண்ணீர் குடித்ததும் நழுவும். எங்கள் ஆர்க்கிடெக்ட் வீட்டைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிப் போட்டார். பதினெட்டடி அகலம், அறுபத்தைந்தடி நீளம், ரயில் பெட்டி மாதிரி வரிசையாக அறைகள். பின்பக்கம் மட்டும் ஆறடி வெட்டு. முன்சுவர் ஆறடித் தூண்கள்மேலும், அதற்கும் முன்னே போகும் மரத்தளம் பத்தடித் தூண்கள்மேலும் நிற்கின்றன. மாடி கிடையாது. நாங்கள் கட்டியபோது மலைநகரங்களுக்கான 1993 கட்டட விதிகளே உயரத்தை 7 மீட்டரோடு நிறுத்தியிருந்தன. அந்த வரம்பு எங்களுக்கு ஒரு நாளும் குறையாகத் தெரியவில்லை.

செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கே போனது. அதில் பெரும்பகுதி அந்தப் பின்பக்கக் கல்சுவர். மண்ணைத் தாங்குவதற்காகச் சுவர் கட்டுகிறோம் என்றுதான் நினைப்போம். ஆனால் சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர். ஆறடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1.8 டன் அளவுக்கு அழுத்தம் வரும், மண்ணின் பாரம் தனி. பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த வயதான கொத்தனார் ஒருவர் எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "சார், தண்ணிக்கு வழி விட்டுருங்க, சுவரு பாட்டுக்கு நிக்கும்" என்றார். சுவருக்குப் பின்னால் ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, ஐந்தடிக்கு ஒரு வடிகுழாய் விட்டு அவர்தான் கட்டிக் கொடுத்தார். அக்டோபர், நவம்பரில் மழை நின்ற பிறகும் இரண்டு மூன்று நாளைக்கு அந்தக் குழாய்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். எந்தக் குழாய் சொட்டவில்லையோ அதில் வேர் நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பியை விட்டுக் குத்தினால் செம்மண் குழம்பு ஒரு கணம் பீறிட்டு, பிறகு தெளிந்த தண்ணீராக வரும்.

வீட்டின் பின்சுவரையே தடுப்புச் சுவராகக் கட்டினால் அந்த நாலடி இடம் மிச்சம் என்று சிலர் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கீழே சில வீடுகளில் அப்படிக் கட்டி, படுக்கையறைச் சுவர் ஜூன் முதல் ஜனவரிவரை ஈரமாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சந்து விட்ட எங்கள் வீட்டிலேயே பின்பக்க அலமாரிகளில் பூஞ்சணம் பிடிக்கத்தான் செய்கிறது. தோல் செருப்பு இரண்டு வாரம் சும்மா கிடந்தால் பச்சையாகிவிடும். அதனால் அலமாரிகளைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வைத்து, உள்ளே ஒரு சின்னக் குண்டு பல்பை எரியவிடுகிறோம். மலையில் பழைய வீட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். எல்இடி போட்டால் பயனில்லை, அங்கே தேவை அதன் சூடு.

கூரைக்கு வருவோம். எங்கள் சரிவு வடக்கே இறங்குகிறது, ஏரியும் வடக்கே. அதாவது, ஏரியைப் பார்க்கும் கண்ணாடிக்கு நடுப்பகல் வெயில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரைதான் கிடைக்கும், அதிலும் பாதி நாள் மேகம். குளிர் கடிக்கும் டிசம்பரில் சூரியன் வீட்டின் முதுகுப் பக்கம், தெற்கே போய்விடும். ஆகவே கூரையைப் பின்பக்கம் உயர்த்தி, மேட்டுக்கு மேலாக வெயில் உள்ளே விழும்படி நீளமான ஒரு மேல்ஜன்னல் வரிசை வைத்தோம். ஜனவரியில் காலை பத்து மணியிலிருந்து அந்த வெயில் கூடத்தின் கடப்பாக்கல் தரையில் படும், சாயங்காலம்வரை கல் வெதுவெதுப்பாக இருக்கும். வீட்டில் எல்லோரும் உட்காருவது அங்கேதான். ஏரிப் பக்கச் சோபா மாலையில் விருந்தாளிகளுக்கு.

கண்ணாடியைக் குறை சொல்லவில்லை. மூடுபனி ஏரியிலிருந்து ஏறி மரங்களுக்குள் புகுவதை அதன் வழியே பார்ப்பது இன்னும் அலுக்கவில்லை. ஆனால் ஒற்றைக் கண்ணாடி போட்ட இரண்டு அறைகளில் காலையில் உள்பக்கம் முழுக்க வியர்த்து, தண்ணீர் வழிந்து தேக்குச் சட்டத்தின் அடி மூட்டுகளில் இறங்கியது. நாலைந்து வருடத்தில் அடிச்சட்டம் கறுத்துவிட்டது. இரட்டைக் கண்ணாடி போட்ட கூடத்தில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, பறவைகள். மரங்கள் கண்ணாடியில் தெரிவதால் செம்மீசைச் சின்னான்கள் நேராக வந்து மோதின. வெளிப்பக்கம் நாலு அங்குலத்துக்கு ஒன்றாக மெல்லிய கயிறுகளை மேலிருந்து தொங்கவிட்டோம். மோதல் ஏறக்குறைய நின்றுவிட்டது, காட்சியும் கெடவில்லை. காட்டுக்குள் கண்ணாடி வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் இதை முதல் நாளே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கூரை ஏரிப் பக்கம் சரிவதால் மழைத்தண்ணீர் பின்சந்தில் விழாமல் முன்னே வந்துவிடுகிறது. கூரைப் பரப்பு ஏறக்குறைய 140 சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 14,000 லிட்டர். அதைச் சரிவில் அப்படியே விட்டால் தூண்களின் அடிமண்ணை அரித்துவிடும். தளத்துக்கு அடியில் பாறை தட்டிய மூலையில் 20,000 லிட்டர் தொட்டி கட்டி அதில் விட்டிருக்கிறோம். நிரம்பி வழிவது கல் படி வாய்க்கால் வழியாகப் பக்கத்து ஓடைக்குப் போகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஊரே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது துணி துவைக்கவும் செடிகளுக்கும் இந்தத் தொட்டிதான் கைகொடுக்கிறது. பைன் ஊசிகள் மட்டும் பெரிய சோதனை. வலை போட்டாலும் ஊசி செங்குத்தாக நுழைந்து குழாய் வாயில் பாய் பின்னிவிடும். வலையைக் கழற்றிவிட்டு, கூரை விளிம்பில் எட்டு அங்குல அகலத் திறந்த காடியாக மாற்றினோம். தளத்தில் ஒரு சின்ன ஏணி போட்டால் கைக்கு எட்டும் உயரம்தான், மாதம் ஒரு முறை வழித்துப் போடுகிறோம்.

அந்த ஓடை போய்ச் சேரும் ஏரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த ஏரி தானாக உண்டானதில்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டுத் தேக்கியது. நட்சத்திரம் மாதிரி நீளும் அதன் கைகள் ஒவ்வொன்றும் மூழ்கிப்போன ஒரு பள்ளத்தாக்கு. மேலே நம் மனையில் சிந்தும் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும், கழிவறைத் தண்ணீர் உட்பட. செங்குத்துச் சரிவில் உறிஞ்சுகுழி தோண்டினால் மண் இளகும், கழிவு கீழே கசியும். நாங்கள் மூடிய செப்டிக் தொட்டிக்குப் பிறகு, பக்கவாட்டில் ஜல்லிப் படுகை அமைத்துக் கல்வாழை நட்டு, அதிலிருந்து வரும் தண்ணீரைத் தோட்டத்துக்கே திருப்பிவிட்டோம். ஏரியில் பாசி படரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. காட்சிக்காக லட்சங்களைக் கொட்டுகிறவர்கள், அந்தக் காட்சிக்குள்ளேயே கழிவை விடுவது பெரிய அநியாயம்.

மரங்களைப் பற்றி எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, ஏரி தெரிய நாலு மரத்தை எடுத்துவிடலாம் என்பது. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மரத்தை வெட்டிய உடனே சரிவு இறங்காது. வேர் மண்ணுக்குள் சில வருடம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அது மக்கிய பிறகு ஒரு மழையில் இறங்கும். அப்போது வெட்டியதற்கும் சரிந்ததற்கும் யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள். நாங்கள் கீழ்க்கிளைகளை மட்டும் கவாத்து செய்தோம். அடிமரங்களுக்கு நடுவே ஏரி தெரிகிறது, அது போதும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது வேர் ஆழமில்லாத வாட்டில் மரங்கள்தான் எங்கள் பக்கம் அதிகம் சாய்ந்தன. ஒன்று கூரைக்கு ஒரு கை தூரத்தில் விழுந்தது. மின்சாரம் வரப் பல நாள் ஆனது. பின்சுவர் அசையவில்லை. விழுந்த இடங்களில் இப்போது காட்டுப்பூவரசும் சோலை நாவலும் நட்டிருக்கிறோம். மெதுவாகத்தான் வளர்கின்றன.

காட்டுமாடுகள் இரவில் மேலிருந்து இறங்கும். வளர்ந்த கடா ஒரு டன் எடை வரை இருக்கும். அது பின்சந்தில் தவறி விழுந்தால் அதற்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. சுவருக்கு மேலே இடுப்பளவு கல் கைப்பிடிச் சுவர் எழுப்பி, அதற்கும் மேலே அடர்ந்த செடிவேலி வைத்தோம். மனையின் கிழக்கு ஓரத்தை வேலி போடாமல் விட்டிருக்கிறோம், அது அவற்றின் பழைய தடம். சுற்றிலும் அடைத்தவர்கள் வருடா வருடம் வேலியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.

தினசரிக் கஷ்டம் என்று கேட்டால் படிகள். கார் மேலே சாலையோடு நின்றுவிடும். வீட்டுக்கு இறங்க அறுபது படிக்கு மேல். நிரம்பிய கேஸ் சிலிண்டர் முப்பது கிலோ வரை வரும், அதைத் தோளில் சுமந்து வருபவரை நினைத்துத்தான் படி உயரத்தை ஆறு அங்குலத்துக்கு மேல் விடவில்லை. பத்துப் படிக்கு ஒரு திருப்பம், திருப்பத்தில் உட்காரக் கல் திண்ணை. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு அந்தத் திண்ணைகள் இல்லாமல் அவரால் மேலே போய் வர முடிவதில்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போதாது. கல்லைப் பாலிஷ் போடாமல் கொத்தியே விடுங்கள், மழையில் பாசி பிடித்தால் பாலிஷ் கல்லில் கால் நிற்காது.

மரத்தளம்தான் வருடாந்திரச் செலவு. மேட்டு மரங்களின் நிழலில் இருப்பதால் பலகை காய்வதே இல்லை. பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்ட மேற்குப் பாதி நன்றாக இருக்கிறது. நெருக்கி அடித்த கிழக்குப் பாதியில் முனைகள் உளுத்துவிட்டன. வரும் கோடையில் அந்தப் பாதியைப் பெயர்த்து, துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தின்மேல் இடைவெளி விட்டு மறுபடி போடப்போகிறோம்.