சாங்குவா, கோ பாங்கானா? கடலோரத்திலிருந்து தொலைப்பணி

கடற்கரையில் தங்கித் தொலைவிலிருந்து பணியாற்ற விரும்புவோர் பலர், பாலித் தீவின் சாங்குவுக்கும் தாய்லாந்தின் கோ பாங்கானுக்கும் இடையே தடுமாறுகின்றனர்.

விசாதான் முதல் வடிகட்டி. இந்தோனேசியாவின் தொலைப்பணி விசா ஓராண்டுக்கானது. அதற்கு வெளிநாட்டு நிறுவனத்துடனான பணி ஒப்பந்தமும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 அமெரிக்க டாலர் வருமானமும் தேவை. தாய்லாந்து 2024இல் கொண்டுவந்த விசாவோ 5 ஆண்டுகள் செல்லும். ஒவ்வொரு வருகையிலும் 180 நாள் தங்கலாம். வருமான வரம்புக்குப் பதிலாக 5 லட்சம் பாட் இருப்பைக் காட்டினால் போதும் என்பதால், மாத வருமானம் ஏறி இறங்கும் தனிப்பணியாளர்களுக்கு இதுவே எளிது.

போக்குவரத்து: சாங்கு செல்ல விமானநிலையத்திலிருந்து கார் போதும், ஆனால் நெரிசல் பொறுமையைச் சோதிக்கும். கோ பாங்கானில் விமானநிலையமே இல்லை. படகில்தான் செல்ல வேண்டும்.

மழை: பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை; கோ பாங்கானில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடுமை.

நேரம்: இந்திய அலுவலகத்தின் காலை 10 மணி சாங்குவில் பகல் 12.30, கோ பாங்கானில் 11.30. காலையில் அலைச்சறுக்கு ஆடிவிட்டு வேலைக்கு அமர விரும்புவோருக்கு அந்த ஒரு மணிநேரம் சிறிதன்று.

நிலையான உயர் ஊதியமும் துணைக்குச் சக பணியாளர் கூட்டமும் வேண்டுவோர் சாங்குவுக்குச் செல்லலாம். தனிப்பணியாளருக்கும் அமைதி விரும்பிக்கும் கோ பாங்கானே பொருந்தும், விடிய விடிய இரைச்சலோடு முழுநிலாக் கொண்டாட்டம் நடக்கும் ஹாட் ரின் கரையிலிருந்து தள்ளியே வீடு பார்த்தால்.