கொடைக்கானல் குளிரில் ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு

பெட்டியோடு வரும் சின்ன பியூட்டேன் (கையடக்கச் சிலிண்டரில் வரும் எரிவாயு) அடுப்பு. கூடாரத்துக்கு வெளியே நாலு பேருக்கு இதில்தான் சமைத்தேன். மாலையில் தீ ஜோராக எரிந்தது; வறுத்த ரவையும் தாளிப்பும் வீட்டிலிருந்தே கொண்டுபோனதால் உப்புமா சட்டென்று ஆனது. விடியற்காலையில் தீ சிணுங்கியது. குளிரில் பியூட்டேன் ஆவியாகத் திணறும், அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. சிலிண்டரைக் கொஞ்ச நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தேன். மாமியார் சிரித்தார், சிரிக்கட்டும்.

2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, 3 லிட்டர் குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தோசைக்கல் வேண்டவே வேண்டாம்: பர்னருக்குப் பக்கத்தில் இருக்கும் சிலிண்டர் அறைக்கு மேல் நீண்டு அதைச் சூடேற்றும், ஆபத்து. காற்றுத் தடுப்புத் தகடு பேருக்குத்தான். அப்புறம், சமையல் முடிந்ததும் சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள். விலைக்கு மோசமில்லை.