படகு எஞ்சினுக்குப் புதிய டிஸ்ட்ரிபியூட்டர்: டைமிங்கை நிற்க விடாத ஒரு கிளாம்ப்

நான் மாற்றியது போன்ற எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை (சிலிண்டர்களுக்குப் பொறியை முறைவைத்து அனுப்பும் கருவி) தம்முடைய பெட்ரோல் படகுக்கும் வாங்கலாமா என்று தொண்டிப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ போனில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இது அன்று என்பதால் எழுதுகிறேன். நான்கு சிலிண்டர் இன்போர்டு எஞ்சின், பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியைக் கிளப்பும் தொடுமுனை) வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர், வேகம் ஏற ஏறப் பொறியை முந்த வைக்க வேண்டியவை உப்புக்காற்றில் இறுகிப்போன அட்வான்ஸ் எடைகள் என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். மாற்றிய பிறகு கச்சானும் (தென்மேற்குக் காற்று) வாடையும் (வடகிழக்குக் காற்று) மாறி மாறி வந்து போய்விட்டன. எனவே புது மோகத்தில் எழுதுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வாடைக்காற்று மாதங்களில் விடியற்காலை டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைத் திறந்தால் உட்புறம் வியர்த்திருக்கும், பாயிண்டின் முகம் வெளுத்துப் போயிருக்கும், உப்புத்தாளால் தேய்க்காமல் எஞ்சின் எழும்பாது. புதியதில் அந்தத் தொல்லை அடியோடு போய்விட்டது. சாவியைத் திருப்பியவுடன் பிடித்துக்கொள்கிறது, ஐடிலில் தடுமாறுவதில்லை. கேப்பின் முனைகள் அலுமினியத்தில் இல்லாமல் பித்தளையில் இருப்பதால் அவற்றில் வெள்ளைப் பொடி பூப்பதும் இல்லை. பொறி விஷயத்தில் இந்தப் பொருளின் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது.

குறை முழுவதும் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பில் இருக்கிறது. என் எஞ்சினுக்குக் கையேடு சொல்லும் அடிப்படை டைமிங், அதாவது பொறி பாய வேண்டிய நேரம், பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்கு 8 டிகிரி முன்னால். பொறி பாயும் கணத்தில் மின்னும் டைமிங் லைட்டின் கவ்வியை முதல் பிளக்கின் ஒயரில் மாட்டி, புல்லியில் சாக்பீஸால் வெளுப்பாக்கிய கோட்டைப் பார்த்துக்கொண்டே டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை மெல்லத் திருப்பினால், கோடு சரியாக 8-இல் வந்து நிற்கும். அதன்பின் கிளாம்ப் போல்ட்டை இறுக்கினால், ஸ்பானர் கடைசிக் கால் சுற்றைக் கடக்கும்போது அந்தக் கோடு கண்ணெதிரிலேயே நழுவிப் போய் 12-இல் உட்கார்ந்துகொள்ளும்.

காரணம் எளிமையானது. போல்ட் வலப்பக்கம் சுழலும்போது கிளாம்ப்பின் கவட்டையையும் தன்னோடு இழுக்கிறது; பக்கத்துப் பல்சக்கரத்தைத் திருப்புவது போல அந்தக் கவட்டை டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை இடப்பக்கம் தள்ளுகிறது. என் எஞ்சினில் ரோட்டர் (உள்ளே சுழன்று பொறியைப் பங்கிடும் துண்டு) வலப்பக்கம் சுழல்வதால், உடல் அதற்கு எதிராகத் திரும்பும்போது டைமிங் முன்னுக்குப் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் (எஞ்சினின் முதன்மைத் தண்டின்) பாதி வேகத்தில் சுழல்வதால், இங்கே ஒரு டிகிரி நகர்ந்தால் அங்கே இரண்டு டிகிரி. சுமார் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள விளிம்பில் ஒரு டிகிரி என்பது 0.6 மில்லிமீட்டர்தான், ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டி நகர்ந்தாலே 4 டிகிரி போய்விடும். அப்படியானால் முன்கூட்டியே 4-இல் வைத்து இறுக்கினால் 8-க்கு வந்துவிடுமே என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. நழுவுவதும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக நழுவினால் அந்த யோசனை பலிக்கும். இது அந்த நாணயத்தைக்கூடக் காட்டுவதில்லை.

நான்கு டிகிரிக்கு இவ்வளவு புலம்பலா என்று கேட்பவர்கள் காரை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கார் மேட்டில் ஏறும் சில நிமிடங்களுக்குத்தான் திணறும். படகோ கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பொறி முந்திப் பாய்ந்தால் சிலிண்டருக்குள் எழும் தட்டல் காரில் காதுக்குக் கேட்கும். படகில் எஞ்சின் இரைச்சலிலும் அலைச் சத்தத்திலும் அது கேட்பதேயில்லை, பிஸ்டன் பொத்துப் போன பிறகுதான் தெரியவரும். பொறி பிந்தினால் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு சூடேறும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், இழுவை குறையும். அது பணத்தோடு போகிற விஷயம்.

பழைய பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டரில் இந்த வேலைக்கு 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். எஞ்சினை நிறுத்தி வைத்து, புல்லியை 8-இல் நிறுத்தி, பாயிண்ட் திறந்து பல்பு எரியும் இடத்தில் உடலை இறுக்கினால் முடிந்தது. நழுவினாலும் பல்பே காட்டிக்கொடுத்துவிடும். புதியதற்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாக வேண்டும். கரையில் ஏற்றி வைத்து ஓட்டினால் தண்ணீர் இல்லாமல் பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும் என்பதால், டிரம்மில் கடல் தண்ணீரை நிரப்பிக் குழாய் போட வேண்டும், இல்லாவிட்டால் நங்கூரமிட்டுத்தான் செய்ய வேண்டும். ராமேசுவரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு வசதி, கச்சான் அடிக்கும்போது வடகடலும், வாடை அடிக்கும்போது தென்கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். அங்கேயும் நடுப்பகல் வெயிலில் டைமிங் லைட்டின் ஒளி தெரியாது. தலைக்கு மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு எஞ்சின் பெட்டிக்குள் குப்புறப் படுக்க வேண்டும். லைட்டைப் பிடிக்க ஒருவர், ஸ்பானருக்கு ஒருவர் தேவை. எங்கள் பக்கத்தில் விசைப்படகு முழுவதும் டீசல் என்பதால், உதவிக்கு வந்த மெக்கானிக் தம்பி, “டீசல்னா பம்பு, நாசிலு, அவ்வளவுதாண்ணே. இதுல எதுல கை வைக்கிறதுன்னே தெரியல” என்று லைட்டை என் கையில் கொடுத்துவிட்டார்.

பொருத்துவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் சிலிண்டரின் பிளக் துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, காற்று விரலைத் தள்ளும் சுற்றில்தான் மேல்முனையைப் பிடிக்க வேண்டும். எக்ஸாஸ்ட் சுற்றில் பிடித்தால் எல்லாம் தலைகீழாகும். டிஸ்ட்ரிபியூட்டரின் பல்சக்கரம் சாய்வாக வெட்டப்பட்டது என்பதால் உள்ளே இறங்கும்போது ரோட்டர் சற்றுத் திரும்பும், அதைக் கணக்கில் வைத்து இறக்க வேண்டும். என் எஞ்சினுக்கு ஒயர் வரிசை 1-3-4-2. ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சின் பெட்டியின் காற்றை வெளியேற்றும் புளோயரை 4 நிமிடமாவது ஓட விடுங்கள், கீழே பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும்.

அதே காரணத்துக்காகத்தான் காருக்கான டிஸ்ட்ரிபியூட்டரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்கக் கூடாது என்கிறேன். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று கடையில் சொல்வார்கள். படகுக்கானதில் உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்ற வைக்காதபடி காற்றுத் துளைகளில் வலைத் தடுப்பு இருக்கும். காருக்கானதில் அது இருக்காது. அட்வான்ஸ் ஏறும் விதமும் வேறு.

கிளாம்ப்புக்கு வருகிறேன். கவட்டையின் அடியிலும் விளிம்பிலும் தடிமனாகப் பூசியிருந்த பெயிண்டைச் சுரண்டி, வெட்டு ஓரத்தின் பிசிறை அரத்தால் எடுத்து, போல்ட் தலைக்கு அடியில் எண்ணெய் தொட்ட தட்டை வாஷர் போட்டதில் பாதி குணம் தெரிந்தது. மீதிக்கு, வால் பக்கம் எஞ்சின் பிளாக்கில் முட்டி நின்று சுழல முடியாதபடி ஒரு கிளாம்ப்பை லேத்துப் பட்டறையில் செய்ய வேண்டியதாயிற்று. அதுவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் பழுதுபார்க்கக் கரையேறி நிற்கும்போது, கையளவு இரும்புத் துண்டுக்காக யாரும் லேத்தை நிறுத்தமாட்டார்கள். காத்திருந்து வாங்கி மாட்டிய பின் கோடு 8-இலேயே நிற்கிறது. விற்றவரிடம் இதைச் சொன்னபோது, வேறு யாரும் குறை சொன்னதில்லையே என்றார். வேறு யாரும் லைட் வைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆக நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். மேலே நான் பாராட்டியது எல்லாம் உண்மை, கிளாம்ப்பும் இப்போது சரியாகிவிட்டது, இருந்தாலும் வேண்டாம். இத்தனை விலை கொடுத்து வாங்கும் பொருளின் ஒற்றைப் போல்ட்டை வாங்கியவனே திருத்திக்கொள்ள வேண்டும் என்றால், பாயிண்ட்டின் வேலையைச் செய்ய உள்ளே மூடி வைத்திருக்கும் எலக்ட்ரானிக் மாட்யூலை எந்த நம்பிக்கையில் கடலுக்குக் கொண்டுபோவது? பாயிண்ட் கெட்டால் கையில் உப்புத்தாள் போதும்; மாட்யூல் கெட்டால் யாராவது கயிறு போட்டு இழுத்து வர வேண்டும். அதனால்தான் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, பாலித்தீன் பையில் கட்டிப் படகிலேயே வைத்திருக்கிறேன். அப்படியும் எலக்ட்ரானிக்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், என்னுடையதையே பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளட்டும், டைமிங் லைட்டையும் சேர்த்தே தருகிறேன். பட்டறையில் செய்த கிளாம்ப் மட்டும் அந்த விலையில் சேராது.