ஒன்பதாவது வாரத்தில் எது தாங்கும்?

ஜனவரி முதல் வாரத்தில் ஆசிரியர் அறையில் எல்லாரும் விளையாட்டு வீரர்கள்தான். என் மேசைக்கடியிலும் ஓட்டக் காலணி ஒரு ஜோடி, புதுசு மணம் மாறாமல் இருக்கும். மார்ச் தொடக்கத்தில் அதே காலணிப் பெட்டிமேல் உயர்நிலை மூன்றின் கட்டுரைத் தாள்கள் ஏறி உட்கார்ந்திருக்கும். சிங்கப்பூரில் நம் பள்ளித் தவணை 10 வாரம். ஒன்பதாவது வாரம் வந்தால் மதிப்பீட்டுத் தாள், மதிப்பெண் பதிவு, பெற்றோர் தொலைபேசி அழைப்பு என்று எல்லாம் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்கும். எந்த உடற்பயிற்சித் திட்டமும் முதல் வாரத்தில் ஓடும். அதனால் நான் முயன்றவற்றையெல்லாம் ஒன்பதாவது வாரத்தை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறேன்.

“நாள் முழுக்க நின்னுக்கிட்டுத்தானே இருக்கோம், அது போதாதா?” என்று கேட்காத ஆசிரியர் இல்லை. என் கைபேசி ஒரு பள்ளி நாளில் எட்டாயிரம் காலடிக்குக் குறையாமல் காட்டுகிறது. ஆனால் வரிசைகளுக்கு நடுவே நாலடி, வெண்பலகைக்கு மூன்றடி. கால் வலிக்கும், மூச்சு வாங்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அல்லது அதில் பாதி நேரம் கடுமையான அசைவு. கூடவே இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்த பழைய நிபந்தனையையும் அப்போது எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் வேலைக்கு இது பெரிய வரம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், எல்லாரும் புகழும் விடியற்காலை ஓட்டம்.

இதற்குப் பெரிய பலம், ஐந்து மணிக்கு யாரும் கூட்டம் போடமாட்டார்கள், எந்தப் பெற்றோரும் அழைக்கமாட்டார். பள்ளியால் பறிக்க முடியாத ஒரே வார நாள் நேரம் அதுதான். ஆனால் சிங்கப்பூர் விடியல் கொஞ்சம் விசித்திரமானது. 1982 ஜனவரி 1 அன்று நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். ஆகவே ஆண்டு முழுக்க இங்கே சூரியன் உதிக்க ஏழு மணி வாக்கில் ஆகிறது. பள்ளியோ 7.30-க்குத் தொடங்குகிறது. விடியலில் ஓடுகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் உண்மையில் கும்மிருட்டில் ஓடியது. பூங்கா இணைப்புப் பாதையில் விளக்கு உண்டு, பயமில்லை. ஆனால் அந்த நேரத்தில் காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். வியர்வை உலராது, வழிந்துகொண்டே இருக்கும். குளித்துவிட்டு வந்தும் எம்ஆர்டி ரயிலில் கழுத்து நனைந்தபடி நின்றிருக்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியலுக்கு முன் சுமத்ரா பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டு வரும் காற்றுமழை வேறு.

இதையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது தூக்கம். நள்ளிரவு வரை தாள் திருத்திவிட்டு 4.45-க்கு எழுந்தால் மூன்றாம் பாடவேளையில் குரல் கம்மிவிடும். எங்கள் தொழிலில் குரல் போனால் கடையே மூடியது மாதிரி. ஆறாவது வாரத்தோடு விடியல் ஓட்டம் படுத்துவிட்டது. பத்து மணிக்குக் கண்ணயரும் சுபாவம் உள்ளவர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லாதவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் ஒரு சார் ஆண்டுக்கணக்காக ஓடுகிறார். அவர் தாள்களையும் பள்ளியிலேயே திருத்தி முடித்துவிடுகிறார் என்பதை அவரைப் பார்த்துப் பொறாமைப்படும் யாரும் கவனிப்பதில்லை.

இரண்டாவது, பள்ளி முடிந்த கையோடு உடற்பயிற்சிக்கூடம். ஆக்டிவ்எஸ்ஜி என்னும் அரசுக் கூடத்தில் நான் நுழைவுக்குக் கொடுத்தது 2.50 வெள்ளி. சந்தா இல்லாததால் மாதம் இரண்டு முறை மட்டும் போனாலும் மனசு உறுத்தாது. தசைப் பயிற்சிக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதில் ஒரே சட்டம், பள்ளியிலிருந்து நேராகப் போகவேண்டும். வீட்டுக்குப் போய் உடை மாற்றிவிட்டுப் போகலாம் என்று நினைத்த எந்த நாளிலும் நான் போனதில்லை. சோபா என்னைவிட வலிமையானது.

இன்னொரு சிக்கல், நாம் பாடம் எடுக்கும் பிள்ளைகளும் அங்கேதான் வருகிறார்கள். ஒரு புதன்கிழமை, கம்பியைத் தோளில் வைத்துப் பாதி குனிந்திருக்கிறேன். பின்னாலிருந்து குரல். “டீச்சர்... முதுகு வளையுது.” திரும்பிப் பார்த்தால் உயர்நிலை நான்கு மாணவன். வல்லினம் மிகும் இடங்களைச் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துபோன பையன். “எடையக் குறைங்க டீச்சர், முதல்ல சரியாச் செய்யணும்” என்று இரண்டு தட்டுகளைக் கழற்றி வைத்தான். குரலில் அத்தனை பொறுமை. அவன் கட்டுரையில் நான் சிவப்பு மை சிந்தியபோது எனக்கு அந்தப் பொறுமை இருந்ததா என்று யோசித்தபடி செய்து முடித்தேன்.

ஒன்பதாவது வாரச் சோதனையில் இது பாதிதான் தேறியது. இணைப்பாட நடவடிக்கை உள்ள இரண்டு நாள் போயிற்று, கூட்ட நாள் போயிற்று. மிச்சம் இரண்டு நாளில் ஒன்றையாவது கூடுதல் வகுப்பு தின்றுவிடும். ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் இடிமின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கவலையில்லை, ஆனால் பள்ளி முடிந்து வெளியே ஓடலாம், நீந்தலாம் என்றிருப்பவர்கள் வானத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டவேண்டியதுதான்.

இரவு ஒன்பது மணிக்கு மேல்? செய்து பார்த்தேன். தாளும் திருத்தவில்லை, தூக்கமும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சக ஆசிரியர்களோடு பூப்பந்து என்பது ஆட்டத்தைவிட அதற்குப் பிறகான புரோட்டாவுக்குப் பேர்போனது. அதை நட்புக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

வார இறுதியில் மொத்தமாகச் செய்வதை முன்பெல்லாம் ஏளனமாகப் பார்ப்பேன். 2023-இல் வந்த ஓர் ஆய்வு என் வாயை அடைத்தது. பிரிட்டனில் ஏறக்குறைய 90,000 பேர் கையில் அசைவுமானி கட்டி அளந்ததில், வாரத்தின் அசைவில் பாதிக்குமேல் ஓரிரு நாளிலேயே முடித்துவிடுபவர்களுக்கும், ஏழு நாளும் பரப்பிச் செய்பவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைவாக இருந்தது. இப்போது சனிக்கிழமை காலை மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டுப்பாதையில் ஒன்றரை மணி நேரம் வேகநடை. நல்ல வெளிச்சத்தில். ஒன்பதாவது வாரத்திலும் அது தப்பிக்கிறது, ஏனென்றால் தாள்களை ஞாயிற்றுக்குத் தள்ளிவிடலாம்.

வார நாளுக்கு நான் கடைசியில் பிடித்துக்கொண்டது மாடிப்படி. பத்து நிமிட நிபந்தனை போனது வரம் என்றேனே, இதற்காகத்தான். எங்கள் வீடு அங் மோ கியோவில் 12ஆம் மாடி. தரையிலிருந்து ஏறுவது 11 மாடி, எங்கள் புளோக்கில் மாடிக்கு 16 படி, ஆக 176. நிற்காமல் ஏறினால் மூன்று நிமிடம். எட்டாம் மாடிக்குமேல் பேச முடியாது, கடுமையான அசைவு என்பதற்கு அதுதான் அடையாளம். பள்ளி விட்டு வரும்போது ஒரு முறை. இரவு சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் கழித்துக் கீழே அஞ்சல் பெட்டியைப் பார்க்கப் போய்விட்டு இன்னொரு முறை. வாரம் ஐந்து நாளுக்கு 30 நிமிடம். கடுமையான ஒரு நிமிடம் மிதமான இரண்டுக்குச் சமம் என்பதால் 60. சனிக்கிழமை 90. கூட்டினால் 150, மயிரிழையில் எட்டும் குறைந்தபட்சம். 2022-இல் வந்த இன்னோர் ஆய்வில், உடற்பயிற்சியே செய்யாத 25,000 பேரில் தினம் மூன்று முறை ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்க ஏதாவது செய்தவர்களுக்கு மரண அபாயம் நாற்பது விழுக்காடு வரை குறைவாகத் தெரிந்தது. கவனித்துச் சொன்ன ஆய்வுதான், படிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் என் தரப்பு வாதத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது வேண்டாம், இறங்கும்போதுதான் மூட்டுக்குச் சிரமம். நான் இறங்குவதற்கு மின்தூக்கியைத்தான் பிடிக்கிறேன். படியால் தீராத குறை தசைப் பயிற்சி. கை, தோள், முதுகுக்கு அதில் ஒன்றுமில்லை. ஆகவே புதன்கிழமை கூடத்தை விடவில்லை. சொல்லப்போனால் இரண்டு நாள் வேண்டும், எனக்கு ஒன்றுதான் கிடைக்கிறது. ஜூன் விடுமுறை நான்கு வாரத்திலும் ஆண்டிறுதி ஆறு வாரத்திலும் இரண்டாக்கிக்கொள்கிறேன்.

போன வாரம் ஒன்பதாம் மாடியில் மூச்சிரைக்க நின்றபோது, துணி காயப்போட வந்த அந்த மாடி அக்கா பதறிப்போனார்.

“என்ன டீச்சர், மின்தூக்கி கெட்டுப்போச்சா?”

“இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு.”

என்னையும் என் தோளில் தொங்கிய தாள் பையையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்தப் பையயாவது என்கிட்ட குடுத்துட்டுப் போங்க, மேல கொண்டாந்து தரேன்” என்றார். கொடுக்கவில்லை. 38 தாள், இரண்டு கிலோ இருக்கும். தோளுக்கு ஏதாவது கிடைக்கட்டும்.